விளக்குகள் நடக்கும் வரை

என் அக்காள் புருஷனை அவர் வேலை பார்த்த இடத்தில் கஞ்சன் என்றுதான் கூப்பிடுவார்கள். காசு விஷயத்தில் இல்லை. கையில் காசு இருந்தால் கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவார், அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள். அவருடைய கஞ்சத்தனமெல்லாம் மெமரியில்தான். எலக்ட்ரானிக் தராசு செய்கிற கம்பெனி அது. தராசுக்குள் இருக்கிற சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது மாமாவின் வேலை. அந்தச் சிப்பில் இடம் கொஞ்சம்தான் இருக்குமாம். மற்றவர்கள் பத்து வரியில் எழுதியதை அவர் ஆறு வரியில் எழுதி, மிச்சம் பிடித்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைப்பார். புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டால் அன்று முழுக்க அவனுக்கு அர்ச்சனைதான்.

கடைக்கு அவரோடு போனால் மானம் போய்விடும். தராசைத் தட்டிக் காட்டி, "இதுக்குள்ள நான்தான் இருக்கேன் மாப்ள" என்பார். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "அப்ப எடையக் கொஞ்சம் தாராளமா போடச் சொல்லுங்க மாமா" என்று நானும் விடமாட்டேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க எவன் கையிலோ ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்யும். அந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டு என்னோடு சிரித்த மனிதர்கள் குறைவு. மாமா அதில் ஒருவர்.

அவருக்கு வியாதி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஆபீஸ்காரர்கள். பெயர் மறப்பது, சாவியைத் தொலைப்பது எல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று அக்காளும் நானும் விட்டுவிட்டோம். ஆபீஸில் ஒருநாள் அவர் எழுதியதைத் திறந்து பார்த்தவன் பதறிப்போனானாம். ஒரே வேலையைச் செய்கிற பகுதியை மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தார் மாமா. முதலாவதை எழுதியது மறந்து இரண்டாவது, இரண்டாவதை எழுதியது மறந்து மூன்றாவது. வேறு யார் செய்திருந்தாலும் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கஞ்சன் இடத்தை வாரி இறைக்கிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

டாக்டர் மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னென்னவோ சொன்னார். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்கப்பாவுக்கு வந்தது இதுதானா?" இதுதான் என்றார் டாக்டர்.

மாமாவின் அப்பாவை நானும் பார்த்திருக்கிறேன். கடைசி வருஷங்களில் பெண்டாட்டியைத் திருடி என்று நினைத்து அடிப்பார். அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ராவும் பகலும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு, தேய்ந்து தேய்ந்து அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். மாமாவுக்கு அது ஆறாத புண். ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் காரில் கூட்டி வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உன்ன அப்படி ஆக விடமாட்டேன்" என்று அக்காளிடம் சொன்னார். அவள் காது கேட்காதவள் போல முன்னால் போய்க் கதவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் தபாலில் வந்தது. கம்ப்யூட்டர் என்று அவர் சொன்னதால் நானும் சொல்கிறேன். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. மூட ஒரு டப்பாகூடக் கிடையாது. மேலே எட்டுச் சின்ன விளக்கு, கீழே எட்டுச் சின்ன சுவிட்ச், ஓரத்தில் இரண்டு பொத்தான். திரை இல்லை, கீபோர்டு இல்லை. கம்ப்யூட்டர் அடிமட்டத்தில் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக யாரோ செய்து, ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற காசுக்கு விற்கிறார்கள். எட்டு சுவிட்சையும் மேலும் கீழுமாக வைத்தால் அது ஒரு கட்டளை. முதல் பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டளை மெமரியில் ஒரு அறைக்குள் போய் உட்காரும். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டு இரண்டாவது பொத்தானை அழுத்தினால் போட்டதெல்லாம் ஓடும். உள்ளே என்ன போயிருக்கிறது என்று திரும்பிப் பார்க்க வழி இல்லை, அவ்வளவு மலிவு. கரண்டை எடுத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

"இத வச்சு என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"பெரிய மிஷினெல்லாம் இனி நமக்கு ஆகாது மாப்ள. இது மொத்தமும் என் தலைக்குள்ள அடங்கும். எந்த அறையில என்ன இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார். சொல்லவும் சொன்னார். ஒரு பேப்பர் இல்லாமல், முனகிக்கொண்டே சுவிட்சைத் தட்டித் தட்டி, பொத்தானை அழுத்தினார். ஒரு விளக்கு இடது ஓரத்தில் எரிந்தது. அது அணைந்து பக்கத்து விளக்கு, பிறகு அதற்குப் பக்கத்து விளக்கு என்று வெளிச்சம் வலது ஓரம் வரைக்கும் நடந்து போய், மறுபடி இடது ஓரத்தில் ஆரம்பித்தது. கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கில் இதைவிட நன்றாக ஓடும் என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவர் அக்காளிடம் ஒரு வாக்கு வாங்கினார். தினமும் காலையில் கரண்டை எடுத்துவிட்டு, திரும்பக் கொடுத்து, எல்லாவற்றையும் தலையிலிருந்தே போடுவார். விளக்கு நடக்கிற வரைக்கும் அவர் வீட்டில் இருப்பார். தொடர்ந்து சில நாள் நடக்கவில்லை என்றால் அவரைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட வேண்டும். இல்லத்தையும் அவரே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார்.

"நான் அழுதாலும் கேக்காத. அப்ப அழுறது நான் இல்ல" என்றார்.

அக்காள் சரி என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். வாயால் சரி என்பாள், செய்வது தன் இஷ்டம்தான்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்காருவார். அக்காள் அடுப்படியில் ஏதாவது செய்துகொண்டே அந்த சுவிட்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்று, அவர் தொண்டையைச் செருமினால், விளக்கு நடந்துவிட்டது என்று அர்த்தம். பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

மழைக்காலத்தில் அது தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் எட்டு விளக்கும் மொத்தமாக எரிந்து அப்படியே நின்றது. ஒருநாள் ஒன்றுமே எரியவில்லை. மறுநாள் சரியாக வந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி இல்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார் மாமா. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு அவள் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அதிர்ஷ்டவசமாக விளக்கு நடந்தது. அக்காள் உடனே எனக்கு போன் போட்டு, மாமாவுக்கு முடி காடாக வளர்ந்திருக்கிறது, சலூனுக்குக் கூட்டிப் போ என்றாள். நானும் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டிப் போனேன். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் அவள் கரண்ட் நிற்காதபடி முதலில் பவர் பேங்கைச் சொருகி, பிறகு சுவர் ஒயரைக் கழற்றி, பலகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒயர் கழன்றால் எல்லாம் அழிந்துவிடும். பையை மடியில் வைத்து, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, உள்ளே விளக்கு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாளாம். பச்சைக்குழந்தையைத் தூக்கிப் போகிறவளுக்கு எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி ஏறியதுமே ஒருவர் எழுந்து இடம் கொடுத்திருந்தாராம். அவள் முகம் அப்படி இருந்திருக்கும்.

செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் அவளுக்குப் பழக்கம். அவர் இரண்டு வேலை செய்தார். பலகையின் பின்னால் ஒரு பட்டன் பேட்டரியை ஒட்டவைத்தார், இனி கரண்டை எடுத்தாலும் மெமரி அழியாது. முதல் பொத்தானிலிருந்து போகிற கம்பியை அறுத்துவிட்டார், இனி மாமா எதைப் போட்டாலும் உள்ளே போகாது. சரியாக இருக்கிற புரோகிராம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். மாமா எந்த சுவிட்சைத் தட்டினாலும், கடைசியில் இரண்டாவது பொத்தானை அழுத்தினால் விளக்கு நடக்கும்.

"எதுக்கும்மா இப்படி? இத வச்சு ஒண்ணும் கத்துக்க முடியாதே" என்றாராம் கடைக்காரர்.

"கத்துக்க இல்ல" என்றாளாம் அக்காள்.

அதற்குப் பிறகு எல்லாக் காலையும் நல்ல காலைதான். சில நாள் மாமா ஒரே சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். விளக்கு நடந்தது. வேறொரு நாள் பாதியில் எதையோ மறந்தவர் போலக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அன்றைக்கும் நடந்தது. எனக்கு அதில் என்ன தெரியும்? மாமா தேறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வெளியே போகும்போது அக்காள் கூட வர வேண்டாம் என்றார். அவள் பின்னாலேயே தெரியாமல் போவாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார், சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார். ஆனால் காலையில் விளக்கு நடந்ததே என்று எல்லாவற்றையும் அதில் கழித்துவிடுவார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் போனபோது மாமா மேஜையில் உட்கார்ந்திருந்தார். பல மாதமாக நான் பார்க்காத பழைய மாமா. என் பெயரைச் சரியாகச் சொன்னார். என் கார் கிளட்ச் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"உக்காரு மாப்ள. ஒரே பக்கமா நடக்க வச்சு எனக்கே சலிச்சுப் போச்சு. தலை இவ்வளவு தெளிவா இருக்கும்போது புதுசா ஒண்ணு செய்ய வேணாமா? இன்னைக்கு இத ரிவர்ஸ்ல நடக்க வைக்கறேன். உனக்கே புடிக்கும்."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

மாமா கரண்டை எடுத்தார், திரும்பக் கொடுத்தார். ஒவ்வொரு சுவிட்சாக வைத்தார். அவசரமில்லை. ஒரு கட்டளை போட்டு முடித்ததும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டார். நடுவில் ஓர் இடத்தில் நின்று, யோசித்து, தனக்குத்தானே சிரித்து, "இங்க ஒரு அறை மிச்சம் பண்ணிட்டேன்" என்றார். நான் ஆயிரம் பேரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துப் பார்த்தவன். தெரிந்து செய்கிறவன் கைக்கும் தடவுகிறவன் கைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அன்று அவர் கை தெரிந்து செய்த கை.

பொத்தானை அழுத்தினார். விளக்கு இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரத்துக்கு நடந்தது. எப்போதும் போல.

அவர் மறுபடி செய்தார். இன்னும் மெதுவாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. மறுபடியும் இடமிருந்து வலம். மூன்றாவது தடவையும் அதேதான்.

"விடுங்க மாமா, தப்பா ஏதாவது போட்டிருப்பீங்க" என்றேன்.

"தப்பா போட்டா நடக்காது மாப்ள" என்றார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "தப்பா போட்டா கன்னாபின்னான்னு எரியும், இல்லன்னா எரியவே எரியாது. இது பழசு. முழுசா பழசு. கரண்ட எடுத்தப்பவே பழசு அழிஞ்சு போச்சு. அப்ப பழச யாரு போட்டா? நான்தானே போட்டிருக்கணும்? நான் புதுசு போடறேன்னு நினைச்சிட்டிருக்கேன், கை பழசப் போட்டுட்டு இருக்கு. எனக்கே தெரியல."

சொல்லிவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷின் போட்டதைத்தான் செய்யும் என்பது அவர் வாழ்நாள் முழுக்க நம்பிய ஒன்று. அதைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

"பெட்டிய எடுத்து வை" என்றார் அடுப்படியைப் பார்த்து. "இது நாம நினைச்சத விட மோசம்."

அக்காள் ஈரக் கையோடு வந்து நின்றாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலத்தில் தடுமாறியது, சலூன், பஸ், கடைக்காரர், அறுத்த கம்பி. நான் அந்த வீட்டில் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்று, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். மாமா என்னைக் கையமர்த்தினார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். பேட்டரியை விரலால் தொட்டார். அறுந்த கம்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேல சுத்தமா இருக்கு" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தன நாளும் நான் போட்டது எதுவும் உள்ள போகல."

"இல்ல" என்றாள் அக்காள்.

"இன்னைக்குப் போட்டதும்?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இன்னைக்கு நான் சரியா போட்டேனா, தப்பா போட்டேனா?"

"சரியாத்தான் மாமா போட்டீங்க" என்றேன் நான்.

"உனக்கு கிளட்ச்சும் பிரேக்கும்தான் மாப்ள தெரியும்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரிப்பேர்க் கடை பூட்டியிருந்தது. வேறு கடை தேடி நான் காரை எடுத்துக்கொண்டு அலைந்தேன், எவனும் திறந்திருக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக நின்று பேட்டரியை எடுக்கச் சொல்லி, கம்பியை ஒட்டவைத்து வாங்கி வந்தேன். மாமா முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவிட்சை ஒன்றிரண்டு தட்டினார். ரிவர்ஸ் என்று ஞாபகப்படுத்தினேன். "என்ன ரிவர்ஸ்?" என்றார். பழையதையாவது போடட்டும் என்று காத்திருந்தோம். அதுவும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. நடுவில் ஒருநாள் கொஞ்சம் தெளிந்தபோது, "பேச்சு பேச்சுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தார். நான்தான் கொண்டுபோய் விட்டேன். காரில் அவர் அழவில்லை. அக்காளும் அழவில்லை. எனக்குத்தான் ரோடு சரியாகத் தெரியவில்லை.

இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஜன்னல் ஓரத்துக் கட்டில். போனால் எழுந்து நின்று உட்காரச் சொல்கிறார், யாருக்கும் சொல்கிற மாதிரி. பலகை, வாக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலை அக்காள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

ஒருமுறை திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "நீ பக்கத்துலயே இருந்த. அன்னைக்கு அவரு சரியா போட்டிருப்பாரா?"

அவள் மனசு ஆறட்டும் என்று, "சத்தியமா சரியாத்தான் போட்டார் அக்கா. கையப் பாத்தாலே தெரிஞ்சுது" என்றேன்.

"அப்ப அவரு கடைசியா செஞ்சத அவரப் பாக்க விடாம பண்ணது நான்தான்" என்று சொல்லிவிட்டு வழி முழுக்க அழுதாள்.

அடுத்த முறையும் கேட்டாள். இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன். "யோசிச்சுப் பாத்தா தப்பாத்தான் போட்டிருப்பார்னு தோணுது அக்கா. அந்த நிலமையில எப்படி முடியும்? நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றேன்.

வீடு வந்து இறங்கி, கதவைச் சாத்துவதற்கு முன்னால் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"அவரப் பத்தி அவ்வளவு கேவலமாவாடா நினைச்சிருக்க?" என்றாள்.